பவர் பிரஸ்ஸில் விரல் போனது யார் பொறுப்பு? அப்பாவின் பட்டறையை மாற்ற நினைக்கும் மகளுக்கு

கோவை மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

வயது 29. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர். வெளியூரில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடம் முன்பு அப்பாவின் பட்டறைக்குத் திரும்பியிருக்கிறார். பம்ப், மோட்டார் உதிரிபாகங்களை ஜாப் ஒர்க்காக அடித்துக் கொடுக்கும் இடம். உலோகத் தகட்டை அடித்து வெட்டி வடிவமாக்கும் ஆறு பவர் பிரஸ், எல்லாமே ரோலிங் கீ கிளட்ச் போட்ட பழைய மெஷின்கள். 14 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 9 பேருக்குத்தான் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உண்டு. நிறுவனம் கூட்டாண்மை, இவரும் ஒரு பங்குதாரர்.

பொங்கல் முடிந்த வாரத்தில், மூன்றாம் எண் மெஷினில் ஒடிசாவிலிருந்து வந்த 25 வயது இளைஞருக்கு வலது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. "பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டேன், அதற்கப்புறமும் இன்னொரு அடி விழுந்தது" என்கிறார் அந்தத் தொழிலாளி. அப்பா நம்பவில்லை. செல்போனைப் பார்த்துக்கொண்டு மிதித்திருப்பான் என்கிறார். அப்பாவுக்கே இளவயதில் சுண்டுவிரல் நுனி ஒரு பிரஸ்ஸில் போயிருக்கிறது. "நானெல்லாம் இப்படித்தான் தொழில் கத்துக்கிட்டேன்" என்பது அவர் பேச்சு. பட்டறையின் கணக்கர், சிகிச்சையில் இருந்த அந்த இளைஞரிடம் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார். தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு விபத்துத் தகவல் போகவில்லை. ஐந்து நாளில் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது.

சகோதரியின் கேள்விகள் இவை. மெஷின்களுக்கு சென்சார் போட்டால் போதுமா? ஈஎஸ்ஐ இருப்பதால் நமக்குப் பொறுப்பு இல்லை என்று அப்பா சொல்வது சரியா? புதுச் சட்டத்தில் 20 பேருக்குக் கீழ் இருந்தால் ஃபேக்டரியே இல்லையாமே? பீஸுக்குப் பைசாக் கணக்கில் கூலி தரும் கம்பெனிகளை வைத்துக்கொண்டு பாதுகாப்புக்கு எங்கே செலவு செய்வது? அப்பா கேட்கவே இல்லையென்றால், நானே இன்ஸ்பெக்டருக்கு எழுதலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இரண்டு காரியங்களை இன்றே செய்யுங்கள். முதலாவது, மூன்றாம் எண் மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சைப் பூட்டி, சாவியை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, அந்த வெள்ளைத்தாளைக் கணக்கரிடமிருந்து வாங்கி, கையெழுத்துப் போட்டவரிடமே திருப்பிக் கொடுங்கள். அதை நிரப்பி 'கார்டை (கை உள்ளே போகாமல் தடுக்கும் மெஷின் மூடியை) நானே கழற்றினேன்' என்று எழுதிக்கொண்டால் வழக்கிலிருந்து தப்பலாம் என்று கணக்கர் நினைத்திருப்பார். இப்படிப்பட்ட தாள்களைப் பல வழக்குகளில் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கையில் வலது கை கட்டோடு இருந்தவர் இடது கையால் போட்ட கையெழுத்தை எந்த நீதிமன்றமும் ஒரு நிமிடத்தில் அடையாளம் கண்டுவிடும். அதோடு, ஈஎஸ்ஐ கார்ப்பரேஷனிடம் பொய்யான தகவல் தருவது தனிக் குற்றம். இன்று விபத்தாக மட்டும் இருப்பதை அந்தத் தாள் மோசடியாக மாற்றிவிடும்.

அந்த இரண்டாவது அடி

தொழிலாளி சொல்வதை நம்புங்கள் என்று நான் சொல்வது இரக்கத்தினால் மட்டும் இல்லை. நீங்கள் இன்ஜினியர், உங்களுக்கே தெரியும். ரோலிங் கீ பிரஸ்ஸில் பெடலை மிதித்ததும் கீ திரும்பி, ஃப்ளைவீலையும் கிராங்க் ஷாஃப்டையும் பூட்டிவிடுகிறது. சுற்று முடியும் இடத்தில் கீ பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், பிரேக் ஷாஃப்டைப் பிடித்து நிறுத்த வேண்டும். கீயின் விளிம்பு தேய்ந்திருந்தாலோ, அதைத் திருப்பும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ, பிரேக் லைனிங் எண்ணெய் பட்டு வழுக்கினாலோ, கால் எடுத்த பிறகும் ராம் (மேலிருந்து இறங்கி அடிக்கும் பாகம்) இன்னொரு முறை இறங்கும். 'டபுள் அடி' என்று பட்டறைகளில் இதற்குப் பெயரே இருக்கிறது. பேர் வைக்கும் அளவுக்குத் தெரிந்த கோளாறை, நடக்கவே முடியாத ஒன்றுபோல அப்பா பேசுவது நியாயமில்லை. மெஷினைத் திறந்து பார்த்தால் பதில் தெரிந்துவிடும். திறக்கும்போது படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய கீயையும் ஸ்பிரிங்கையும் தேதி எழுதி எடுத்து வையுங்கள், பழைய இரும்போடு போட்டுவிட வேண்டாம். நாளை யாராவது கேட்டால், மறைக்கவில்லை என்று காட்ட அதுதான் சாட்சி.

சரி, அந்தத் தம்பி உண்மையிலேயே செல்போன் பார்த்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பொறுப்பு மாறாது. ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை டைக்குள், அதாவது தகட்டை வடிவமாக்கும் அச்சுக்குள், கை போய் வருகிறது. அத்தனை முறையும் மனித மனம் அசையாமல் நிற்கும் என்று நம்பி அமைத்த வேலை அது. கவனம் ஒரு முறை சிதறினால் விரல் போகும் என்ற அமைப்பில், சிதறியவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இங்கிலாந்தில் 1955-ல் ஜான் சம்மர்ஸ் நிறுவனத்துக்கு எதிராக ஃப்ராஸ்ட் என்ற தொழிலாளி நடத்திய வழக்கு எங்கள் துறையில் எல்லாருக்கும் பாடம். கிரைண்டிங் வீலில் அவர் கட்டைவிரல் பட்டுக் காயமானது. முழுதாக மூடினால் வீலில் வேலையே செய்ய முடியாது என்று நிறுவனம் வாதாடியது. பாதுகாப்பாக மூட வேண்டும் என்று சட்டம் சொன்னால் மூடித்தான் ஆக வேண்டும், அதனால் மெஷின் பயன்படாமல் போனாலும் அது காரணமாகாது என்று பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. கவனமில்லாத தொழிலாளியையும் மனதில் வைத்துத்தான் கார்டு அமைக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் அடிப்படை. நம் நாட்டின் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 21-வது பிரிவும் இங்கிலாந்துச் சட்டத்தின் அதே வழியில் எழுதப்பட்டதுதான்.

சென்சார் வாங்கும் முன்

இங்கேதான் உங்கள் கடிதத்தில் ஒரு ஆபத்தான தவறு இருக்கிறது. ஆறு பிரஸ்ஸுக்கும் லைட் கர்ட்டன் (ஒளிக்கற்றையில் கை குறுக்கிட்டால் உணரும் சென்சார்) போட விலை கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த ஆர்டரைக் கொடுக்காதீர்கள். கையைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தச் சொல்வது லைட் கர்ட்டனின் வேலை. ஸ்ட்ரோக்கின் நடுவில் நிற்கக்கூடிய மெஷினுக்குத்தான் அது பயன்படும். கீ கிளட்ச் பிரஸ் ஒரு முறை பூட்டிக்கொண்டால் சுற்றை முடிக்காமல் நிற்காது. சென்சார் கையைப் பார்க்கும், கன்ட்ரோல் பேனலில் சிவப்பு விளக்கு எரியும், ராம் இறங்கியே தீரும். அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு விதிகள் இந்த வகைப் பிரஸ்ஸில் லைட் கர்ட்டனைப் பாதுகாப்பாக வைக்கவே அனுமதிப்பதில்லை. சென்சார் இருக்கிறதே என்று தைரியமாகக் கையை விடுபவருக்கு ஆபத்து முன்பைவிட அதிகம்.

இரண்டு கையாலும் பட்டன் அமுக்கும் ஏற்பாட்டுக்கும் இதே சிக்கல் உண்டு. அதே அமெரிக்க விதி, கை நகரும் வேகத்தை நொடிக்குச் சுமார் 1.6 மீட்டர் என்று எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 ஸ்ட்ரோக் ஓடும், சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் பூட்டும் கீ கொண்ட பிரஸ்ஸில், பட்டனை அமுக்கியதிலிருந்து டை மூடும் வரை மிக மோசமான நிலையில் ஒன்றரை நொடி ஆகலாம். அப்படியானால் பட்டன் டையிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி இருந்தால்தான், பட்டனை விட்ட கை டைக்குள் போய்ச் சேர்வதற்குள் டை மூடியிருக்கும். மெஷின் பாடியிலேயே பட்டனைப் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். டபுள் அடியை இந்தப் பட்டன்களும் தடுக்காது என்பது தனி விஷயம்.

உங்கள் மெஷின்களுக்கு எது பொருந்தும்? விலை குறைந்த வழி பெரும்பாலும் டையிலேயே இருக்கிறது. கை உள்ளே போகத் தேவையே இல்லாதபடி டையையும் ஃபீடையும் மாற்றுவதுதான் அது. நீளத் தகட்டை (ஸ்ட்ரிப்) செலுத்திப் பீஸ் வெட்டி எடுக்கும் பிளாங்கிங் வேலைகளுக்கு, ஸ்ட்ரிப் நுழையும் அளவு மட்டும் திறப்பு வைத்து மற்ற எல்லாப் பக்கமும் மூடிய நிலையான கார்டு போதும். விரல் நுழையாதபடி அந்தத் திறப்பு 6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தனித்தனியாகப் பீஸ் வைக்கும் இரண்டாம் கட்ட வேலைகளுக்கு ஒரு ஸ்லைடு செய்யுங்கள். வெளியே பீஸை வைத்துத் தள்ளினால் அது டைக்குள் போய் உட்காரும். அடித்த பீஸை ஏர் ஜெட்டோ நாக் அவுட்டோ வெளியே தள்ளட்டும். இதைச் செய்ய வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வேண்டாம். கோவையில் டை செய்து தரும் டூல் ரூமுக்கா பஞ்சம்? மெஷினில் டை பொருத்தும் உங்கள் செட்டரிடம் ஒரு டையைக் கொடுத்து, இதில் கை போகாமல் எப்படி அடிக்கலாம் என்று கேளுங்கள். நான்கு வழி சொல்வார். இத்தனை வருடமும் யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

பெடலுக்கு மேல் மூடி, கீ, ஸ்பிரிங், பிரேக் ஆகியவற்றுக்குத் தேதி போட்ட ஆய்வுப் பதிவு, டை மாற்றும்போது ராமுக்கு அடியில் முட்டுக் கட்டை, இவையெல்லாம் அடுத்த வாரமே செய்யக்கூடியவை. காந்தக் குறடு தற்காலிகத்துக்கு உதவும். அதைக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என்று நிறுத்திவிடாதீர்கள். குறடு பிடித்த கையும் அவசரத்தில் உள்ளே போகும். ஸ்ட்ரோக்கின் நடுவில் நிற்கக்கூடிய நியூமேட்டிக் கிளட்ச் மெஷின் வாங்குவது கடைசிப் படி. லைட் கர்ட்டனுக்கு அங்கேதான் இடம்.

சட்டம் என்ன சொல்கிறது

2025 நவம்பர் 21 முதல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் குறித்த 2020-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. மின்சாரத்தில் இயங்கும் இடம் 'ஃபேக்டரி' ஆவதற்கான எண்ணிக்கை 10-லிருந்து 20 ஆனது உண்மை. அதற்காக 14 பேர் வேலை செய்யும் இடத்தைச் சட்டம் கைவிட்டுவிட்டது என்று உங்கள் அப்பா நினைத்தால், பாதியைத்தான் யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் அதன்கீழ் 'எஸ்டாபிளிஷ்மென்ட்' ஆகிவிடுகிறது. காயமோ நோயோ உண்டாக்கும் ஆபத்து இல்லாத வேலையிடத்தைத் தரும் கடமை அங்கேயும் உண்டு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாதபடி ஒருவருக்குக் காயம்பட்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் இருந்தது, புதியதிலும் இருக்கிறது. நீங்கள் அதைச் செய்யவில்லை. தாமதத்துக்குக் காரணத்தை ஒளிக்காமல் எழுதி, உடனே அனுப்புங்கள்.

கடமை தவறியதால் ஒருவருக்குக் கடுமையான உடற்காயம் ஏற்பட்டால், ஓராண்டு வரை சிறை அல்லது 2 லட்சத்துக்குக் குறையாமல் 4 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். உயிர் போனால் இரண்டாண்டு வரை சிறை, குறைந்தது 5 லட்சம் அபராதம் அல்லது இரண்டும். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையை அடிபட்டவருக்கோ அவர் குடும்பத்துக்கோ தரும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இவை தவிர, மெஷின் விஷயத்தில் அலட்சியமாக இருப்பதற்குப் பாரதிய நியாய சம்ஹிதாவில் தனிப் பிரிவே இருக்கிறது. எல்லா விபத்தும் சிறையில் முடியும் என்று உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பெரும்பாலும் அபராதத்தில் முடியும். ஆனால், கோளாறு தெரிந்தும் அதே மெஷினை ஓட்டி, இரண்டாவதாக ஒருவருக்கு அடிபட்டால், எந்த வழக்கறிஞராலும் உங்களுக்காக நிமிர்ந்து நின்று பேச முடியாது.

இன்னொன்று. "அப்பாவுக்கு என்ன ஆகும்" என்று மூன்று இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். கூட்டாண்மை நிறுவனத்தில் பங்குதாரர் யாரை வேண்டுமானாலும் பொறுப்பாளராகச் சட்டம் கருதலாம். நீங்களும் பங்குதாரர், கோளாறைப் புரிந்துகொள்ளும் படிப்பும் உங்களுக்குத்தான் இருக்கிறது. இதை அப்பாவின் பிரச்சினையாகப் பார்ப்பதை விட்டுவிடுங்கள்.

ஈஎஸ்ஐ விஷயத்துக்கு வருவோம். பதிவான தொழிலாளி அதே காயத்துக்கு, அப்போதிருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தனியாக வழக்குப் போட முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-ல் ட்ரெஹான் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அந்த அளவில் உங்கள் அப்பா சொல்வது சரி. ஈஎஸ்ஐ ஏற்றுக்கொள்வது பணப் பொறுப்பை மட்டும்தான். மெஷினைப் பாதுகாப்பாக வைக்கத் தவறிய குற்றப் பொறுப்பு உங்களிடமே இருக்கிறது. பிடித்தம் இல்லாத அந்த 5 பேரை நினைத்தால் எனக்கு இன்னும் கவலையாக இருக்கிறது. அவர்களில் ஒருவருக்கு அடிபட்டால் கார்ப்பரேஷன் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவர் ஈஎஸ்ஐ வரம்புக்கு வெளியே. உங்கள் செட்டருக்கு 40 வயது, 24,000 சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இதே இரண்டு விரல் போயிருந்தால், 15,000 ரூபாய் உச்சவரம்பில் 60 சதவீதம், 40 வயதுக்கான காரணி 184.17, இரண்டு விரலுக்கு 20 சதவீத இழப்பு என்று கணக்கிட்டு, சுமார் 3 லட்சத்து 31 ஆயிரம் ரூபாயை நீங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டியிருக்கும். மருத்துவச் செலவு அதற்கு மேல்.

தொழிலாளி வேண்டுமென்றே கார்டைக் கழற்றினால் முதலாளிக்குப் பொறுப்பில்லை என்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இழப்பீட்டு விதிகளில் அப்படி ஒரு விலக்கு இருக்கிறது. கார்டு ஒன்று இருந்து, அதன் பயன் தெரிந்தே அவர் கழற்றியிருக்க வேண்டும். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அதுவும் செல்லாது. உங்கள் மெஷினில் கார்டே இருந்ததில்லை. அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதே நல்லது.

பைசாக் கூலியும் பெரிய கம்பெனியும்

உங்கள் அப்பா சொல்வதில் முழு உண்மை இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். பீஸுக்கு 35 பைசா கொடுத்து, அடுத்த டெண்டரில் அதையும் 33 ஆக்கச் சொல்லும் கம்பெனி, பாதுகாப்பைப் பற்றிச் சிறு பட்டறைக்கு வகுப்பெடுக்க முடியாது. விரலின் விலையைக் கழித்துவிட்டுத்தான் அந்த 35 பைசா வந்திருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்கவும் விரும்பவில்லை.

அமெரிக்க ரயில்வேயில் நடந்த ஒன்று இதற்கு அப்படியே பொருந்தும். பெட்டிகளை இணைக்க அங்கே பிரேக்மேன்கள் நடுவில் நின்று கையால் ஊசியைச் செருக வேண்டும். விரல்களும் கைகளும் நசுங்குவது அன்றாடச் செய்தி. ஆள் நடுவில் போகாமலே தானாகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பியை ஜேனி என்பவர் 1873-ல் காப்புரிமை செய்தார். ஆனாலும் தானியங்கி இணைப்பி கட்டாயம் என்று சட்டம் வர 1893 ஆனது. அந்த 20 வருடமும் கையில் இருந்த தீர்வு பெரும்பாலான பெட்டிகளுக்கு வரவில்லை. செலவை ஏற்றவர்களுக்கும் நன்மை அடைந்தவர்களுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருந்தது. ஒரு கம்பெனி மட்டும் மாற்றினால் மற்றவர்களின் பெட்டியோடு சேராது. எல்லாரும் சேர்ந்து மாற வேண்டியிருந்தது. ஜாப் ஒர்க்கிலும் அப்படித்தான். நீங்கள் மட்டும் கூலி உயர்த்திக் கேட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போகும்.

அதனால் கூலியோடு நிறுத்தாமல் டையைப் பற்றிப் பேசுங்கள். பல ஜாப் ஒர்க்குகளில் டை ஆர்டர் கொடுத்த கம்பெனியுடையது. கை உள்ளே விட வேண்டிய டையை வடிவமைத்து அனுப்பியது அவர்கள். புதிய சட்டத் தொகுப்பில், வேலையிடத்தில் பயன்படுத்தும் பொருளை வடிவமைப்பவருக்கும் தருபவருக்கும் அது பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்கும் கடமை தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. இந்த அடிப்படையில் மரியாதையாக ஒரு கடிதம் எழுதலாம்: உங்கள் இந்த எண் டையில் ஸ்லைடு ஃபீடும் கார்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது, வரைபடம் இணைத்திருக்கிறோம், செலவை டூலிங் கணக்கில் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. வாங்கும் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1000 நிறுவனங்களில் ஒன்றாக இருந்தால், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் விதிப்படி 2022-23 முதல் ஆண்டுதோறும் பொறுப்புணர்வு அறிக்கை தர வேண்டும். சப்ளை செய்யும் இடங்களின் பாதுகாப்பைப் பற்றியும் அந்தப் படிவத்தில் கேள்வி உண்டு. அந்த நிறுவனங்களில் உங்கள் கடிதத்தைப் படிக்க இப்போது ஒரு அதிகாரி இருக்கிறார். குருகிராம், ஃபரிதாபாத் பக்கத்து கார் உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழந்தவர்களுக்கு உதவும் 'சேஃப் இன் இந்தியா' அமைப்பு, 2019 முதல் ஒவ்வொரு வருடமும் விபத்து அறிக்கை வெளியிட்டு, பெரிய கார் கம்பெனிகளையே நேரடியாகக் கேள்வி கேட்கிறது. அங்கேயும் அதிக விரல்களைக் கொண்டுபோவது பவர் பிரஸ்தான்.

கோடிசியா போன்ற உங்கள் தொழில் சங்கத்தில் அப்பாவுக்கு மரியாதை இருக்கும் என்று நினைக்கிறேன். பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரே கோரிக்கையைக் கம்பெனியிடம் வைத்தால், ஆர்டரைத் தூக்கிக்கொண்டு போக அடுத்த தெரு இருக்காது. சிறு, குறுந்தொழில்களின் தரத்துக்காக மத்திய அரசு தரும் இசட்.இ.டி. சான்றிதழையும் பாருங்கள். வெண்கல நிலையிலேயே தொழிலிடப் பாதுகாப்பு ஒரு அளவுகோல். கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80 சதவீதமும் சிறுதொழிலுக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. அந்தச் சான்றிதழ் மெஷினைப் பாதுகாப்பாக்காது. ஆனால் வங்கியிலும் புது கம்பெனியிலும் பேசும்போது கையில் ஒரு காகிதம் இருக்கும்.

அப்பாவிடம் பேசும்போது

விரலை இழந்து தொழில் கற்றவரிடம் "நீங்கள் செய்தது தப்பு" என்று ஆரம்பித்தால் கதவு மூடிவிடும். தனக்கு நடந்ததையும் அவர் தன் கவனக்குறைவு என்றுதான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருக்கிறார். யாரும் அவருக்கு வேறு விளக்கம் சொன்னதில்லை. அவருடைய விரல் எந்த வேலையில், எப்படிப் போனது என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் ஒரு டபுள் அடியாக இருந்திருக்கலாம்.

அப்புறம், பேச்சைவிட ஒரு டை மேல். அதிகம் ஓடும் ஒரே ஒரு டையை எடுத்து, ஸ்லைடும் கார்டும் போட்டு, ஒரு வாரம் ஓட்டி, பீஸ் எண்ணிக்கையை எழுதுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் உற்பத்தி குறையும். கை பழகிய பிறகு பயம் இல்லாமல் அடிக்கும் வேகம் தனி. பல வேலைகளில் எண்ணிக்கை பழைய அளவுக்கு வந்துவிடும், சிலவற்றில் தாண்டும். தாண்டாத வேலையும் இருக்கும். அதை மறைக்காதீர்கள், அந்த டைக்குத்தான் கம்பெனியிடம் கூடுதல் கூலி கேட்க வேண்டும். யோசனை சொன்ன தொழிலாளிக்குப் பணமாக ஏதாவது கொடுங்கள். இப்படிப் பயனுள்ள யோசனை தரும் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 'உயர்ந்த உழைப்பாளர்' விருது தருகிறது. உங்கள் செட்டர் அதற்குத் தகுதியானவராகக்கூட இருக்கலாம்.

இன்ஸ்பெக்டருக்கு எழுதலாமா

எழுதலாம். ஆனால் புகாராக எழுதுவதற்கு முன், நிறுவனத்தின் பெயரில் விபத்துத் தகவலோடு சேர்த்து, இந்த மாதிரி மாற்றங்கள் செய்யப் போகிறோம், பார்த்து ஆலோசனை சொல்லுங்கள் என்று தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குக் கடிதம் கொடுங்கள். புதிய சட்டத்தில் ஆய்வாளருக்கு வழிகாட்டும் பொறுப்பும் சேர்த்தே தரப்பட்டிருக்கிறது. நடவடிக்கை வராது என்று நான் உறுதி தர முடியாது. தானாக முன்வந்து சொல்லி, மெஷினை நிறுத்தி, திருத்தத்தைத் தொடங்கியவரின் நிலையும், பிடிபட்டவரின் நிலையும் வழக்கில் ஒன்றாக இருக்காது.

அப்பா கையெழுத்துப் போட மறுத்தால்? பங்குதாரர் என்ற முறையில் நீங்களே அனுப்பலாம். அவருக்கு ஒரு தேதி சொல்லுங்கள், அதை எழுத்தில் கொடுங்கள். அந்தத் தேதிக்குள் மூன்றாம் எண் மெஷின் சரி செய்யப்படாமல் மறுபடி ஓடினால், வீட்டில் சண்டை வரும் என்பதற்காகப் பேசாமல் இருக்காதீர்கள். அந்த மெஷினில் நாளை உட்காரப் போகிறவருக்கும் வீடு இருக்கிறது.

அந்தத் தம்பிக்கு

ஈஎஸ்ஐயில் விபத்து அறிக்கை போனதா என்று முதலில் பாருங்கள். போகவில்லை என்றால் அவருக்கு எந்தப் பலனும் நகராது. சிகிச்சைக் காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவில் தற்காலிக ஊனப் பலன் கிடைக்கும். அந்தக் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. அதன்பின் மருத்துவக் குழு நிரந்தர இழப்பைக் கணக்கிடும். இரண்டு விரலும் முழுதாகப் போயிருந்தால் அட்டவணைப்படி 20 சதவீதம். 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மாதம் ஏறத்தாழ 2,700 ரூபாய் வாழ்நாள் முழுவதும் வரும். குழு குறைத்து மதிப்பிட்டதாகத் தெரிந்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒடிசாவுக்குத் திரும்பிவிட்டார் என்றால் அந்தக் கெடுவைத் தவறவிடுவது மிக எளிது. அவருடைய ஈஎஸ்ஐ எண், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றும் பொருந்துகிறதா என்று நீங்களே ஒரு முறை சரிபாருங்கள். பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தால்கூட பணம் மாதக்கணக்கில் நின்றுவிடும்.

ஈஎஸ்ஐ பலனுக்கு மேல் அவர் உங்களிடம் கூடுதல் தொகை கேட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைத் தரச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தாது. கொடுங்கள் என்பது என் கருத்து. வங்கிக் கணக்கில், 'உதவித்தொகை' என்று குறிப்பிட்டு, எந்தத் தாளிலும் கையெழுத்து வாங்காமல் கொடுங்கள். இரண்டு விரல் இல்லாமல் அவரால் செய்யக்கூடிய வேலை உங்கள் பட்டறையிலேயே உண்டு: தரப் பரிசோதனை, ஸ்டோர்ஸ், கார்டு சரியாக இருக்கிறதா என்று ஷிப்ட் தொடக்கத்தில் ஒவ்வொரு மெஷினையும் பார்த்துப் பதிவு எழுதுவது. வர விருப்பமா என்று அவரிடம் கேளுங்கள். அவர் வரவில்லை என்றாலும் அந்தக் கடைசி வேலைக்கு யாரையாவது நியமித்துவிடுங்கள்.